சில்லறைக்குப் பதிலாக வந்த மைக்

பேரன்பும் பெருமரியாதையும் கலந்த சித்தப்பா அவர்களுக்கு,

இங்கே நான், சித்தி, வாண்டு மூவரும் சுகம். அங்கே நீங்களும், உங்கள் கப்பலும், கப்பலின் சமையலறையும், அதிலுள்ள பாத்திர பண்டங்களும் சுகமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறோம். கடல் அதிகம் ஆடாமல் இருக்கட்டும். ஆடினாலும் கொதிக்கிற சட்டி ஆடாமல் இருக்கட்டும்.

இதுவரைக்கும் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் தட்டியது. பாத்திர பண்டம் மட்டும் நான் சேர்த்தது. இப்போது அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து ஓடிவிட்டார். இனிமேல் நான்தான்.

சித்தப்பா, எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமே கிடையாது. ஒருத்தருக்கு ஒன்று சொல்ல வேண்டுமென்றால் போனில் ஒரு சிரிக்கிற பொம்மை, ஒரு தீப்பிடித்த பொம்மை, வேலை முடிந்தது. ஆனால் உங்கள் கப்பல் கம்பெனி மெயிலில் எழுத்து மட்டும்தான் ஏறுமாம். பொம்மை போட்டால் வெறும் கட்டமாகப் போய்ச் சேருமாம். வீடியோ ஒட்டினால் கதவைச் சாத்திவிடுமாம். ஒட்டியே தீருவேன் என்றால் கடுகளவு ஒன்று ஒட்டலாமாம். அதனால்தான் இந்த நீளக் கடிதம். மாவு பிசைந்துகொண்டே படிக்காதீர்கள். கையைக் கழுவிவிட்டு உட்காருங்கள்.

நீங்கள் கிளம்பின அன்றைக்கு வாசலில் வைத்து என் கையில் ஒரு கவரைத் திணித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "பிக்சல், நீ ரொம்ப நாளா கேமரா கேமரான்னு உயிரை வாங்குற. இதுல முடிஞ்சத வாங்கிக்கோ. ஆனா ஒண்ணு. நம்ம வாண்டு வருஷக் கடைசிப் பந்தயத்துல நீச்சல்குளத்தோட இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போறத எனக்கு நீ எடுத்துத் தரணும். நான் வந்து பாக்கணும்" என்றீர்கள். வாண்டு உங்கள் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, "அப்பா பாக்கலைன்னா நான் நீந்தினது கணக்குல வராது" என்று சொன்னாள். நீங்கள் சிரித்தீர்கள். அவள் சிரிக்கவில்லை. ஒன்பது வயசுக்கு அவ்வளவு கறாராக ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷத்திலிருந்து என் தலையில் ஒரு மலை ஏறி உட்கார்ந்துகொண்டது.

சரி, மலையைத் தூக்க முதலில் ஆராய்ச்சி. உங்களுக்கே தெரியும், நம்ம குரு லென்ஸ் மச்சான்தான். அவருடைய சேனலில் ஒரு வீடியோ விடாமல் பார்த்துவிட்டேன். பார்த்தது மட்டுமில்லை, நெட் போய்விட்டால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் போனில் இறக்கியும் வைத்துக்கொண்டேன். (இந்த வரியை மறந்துவிடாதீர்கள். பின்னாடி இதுதான் நம்மைக் குழியில் தள்ளப் போகிறது.) முதல் வீடியோவில் மச்சான், "சென்சார் பெருசா இருக்கணும் நண்பர்களே, இல்லைன்னா கேமராவே வாங்காதீங்க" என்றார். சரி, பெரிய சென்சார் என்று எழுதிக்கொண்டேன். அடுத்த வீடியோவில், "சென்சாரைக் கட்டிக்கிட்டு அழாதீங்க, லென்ஸ்தான் முக்கியம்" என்றார். அடித்துவிட்டு லென்ஸ் என்று எழுதினேன். அதற்கடுத்த வீடியோவில், "லென்ஸ் அப்புறம் வாங்கிக்கலாம், வெளிச்சம்தான் எல்லாமே" என்றார். அதற்கும் அடுத்ததில், "நான் சொன்னதையெல்லாம் நம்பி வாங்கிட்டீங்களா? போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். கீழே கருத்துப் பெட்டியில் ஒரே அடிதடி. ஒருத்தன், பட்ஜெட்டில் வாங்குறவன் போனிலேயே எடுக்கட்டும் என்கிறான். இன்னொருத்தன் அவனை, உன் மூஞ்சிக்குப் போனே ஜாஸ்தி என்கிறான். நான் நடுவில் புகுந்து சமாதானம் செய்யப் போய் ரெண்டு பேரிடமும் திட்டு வாங்கினேன்.

ஒருநாள் சாப்பாட்டின் நடுவில், "மச்சான் இன்னிக்கு லைவ் வராரு" என்று சொல்லிவிட்டேன். சித்தி கரண்டியை அப்படியே கீழே வைத்தார்.

"யாருடி அது மச்சான்?"

"கேமரா சொல்லித்தர்றவரு சித்தி."

"எந்த ஊரு? வீட்டுக்கு வந்திருக்கானா?"

"சித்தி, அவருக்கு நாலு லட்சம் பேரு மச்சான்!"

"நாலு லட்சமா? அப்ப ரொம்ப மோசமானவன்," என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி போட்டார். "ஏண்டி, மாப்பிள்ளை பாக்குறவங்ககூட இவ்ளோ விசாரிக்க மாட்டாங்க. போய் ஒண்ண வாங்கித் தொலையேன்."

தொலைக்கலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். அப்போதுதான் விவரம் புரிந்தது. கேமரா என்பது வெறும் நுழைவுச்சீட்டு சித்தப்பா. உள்ளே போனால் பேட்டரி தனி, ஒண்ணு போதாது ரெண்டு வேண்டும். மெமரி கார்டு தனி, அதிலும் வேகமான கார்டு வேண்டும், வேகமான கார்டு வேகமாகவே காசையும் எடுத்துக்கொள்ளும். மூணு கால் தாங்கி தனி. பை தனி. எடுத்ததை வெட்டி ஒட்டக் கம்ப்யூட்டர் தனி. உங்கள் கவரில் இருந்தது புது கேமராவின் டப்பாவுக்கும் அதைக் கட்டுகிற கயிற்றுக்கும்தான் சரியாக இருக்கும். ஆகவே செகண்ட் ஹேண்ட் என்று முடிவு செய்து, சித்தியையும் இழுத்துக்கொண்டு பழைய கேமரா விற்கிற கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு ஆள் பக்கவாட்டில் நடந்து போகிற அகலம். ரெண்டு பக்கமும் கண்ணாடி அலமாரி, அதற்குள் நூறு லென்ஸ் நம்மையே முறைத்துப் பார்க்கின்றன. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன வேணும் பாப்பா?"

நான் மூச்சு விடாமல் சொன்னேன். "ஃபோர் கே, அறுபது ஃபிரேம், டென் பிட், லாக் புரொஃபைல், கை ஆடினாலும் படம் ஆடக்கூடாது, ரெண்டு கார்டு ஸ்லாட்டு."

"எவ்ளோ வெச்சிருக்க?"

சொன்னேன்.

"அந்தக் காசுக்கு அந்த ஸ்லாட்டு ரெண்டையும் மட்டும் கழட்டித் தரலாம்."

சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தால்தான் நமக்கு நல்லது என்று நான் ஓரமாக நகர்ந்துகொண்டேன். கடைசியில் அவர் அலமாரியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தார். லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா, லென்ஸும் சேர்த்து. கறுப்பு. கையில் எடுத்தேன் சித்தப்பா, பிறந்த குழந்தையைக் கையில் வாங்கின மாதிரி முழங்கை ரெண்டும் தானாக மடங்கிக்கொண்டது. சித்தி வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இங்க கீறல் இருக்கே?"

"அது கீறல் இல்லம்மா, அனுபவம்."

"உங்க கேமராவோட அனுபவத்துக்கு நாங்க ஏங்க காசு குடுக்கணும்?"

அரை மணி நேரம் அந்தக் கீறலை வைத்தே சித்தி விலையைக் கீறிக் கீறி இறக்கினார். கேமரா, லென்ஸ், ரெண்டு பேட்டரி, கார்டு, ஒரு கால் மட்டும் லேசாக நொண்டுகிற தாங்கி எல்லாம் சேர்ந்து கவருக்குள் அடங்கியது. மீதி கொஞ்சம் அவர் தர வேண்டும். கல்லாவைத் திறந்து பார்த்துவிட்டு, "சில்லறை இல்லம்மா, பதிலுக்கு இத வெச்சுக்கோங்க" என்று ஒரு மைக்கைத் தூக்கி வைத்தார். கேமரா தலையில் மாட்டுகிற குட்டி மைக். காற்றுச் சத்தம் புகாமல் இருக்க அதற்குச் சாம்பல் நிறத்தில் புசுபுசு என்று ஒரு மயிர்ச் சட்டை.

சித்தி ரெண்டு அடி பின்னால் போனார். "ஏங்க, மத்த கடையில சில்லறைக்கு மிட்டாய் தருவாங்க. நீங்க செத்த எலியத் தர்றீங்க?"

நானும் மைக் வேண்டாமென்றேன். எனக்கு வேண்டியது படம். சத்தம் யாருக்கு வேண்டும், அடியில் நல்ல பாட்டு ஒன்று போட்டுக்கொள்ளலாமே என்று என் எண்ணம். ஆனால் சித்தி தன் காசுக்கு எதையும் விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை. எலியை ரெண்டு விரலால் தூக்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கேமரா ஆச்சு. கம்ப்யூட்டர்? அதற்குக் கவரில் ஒரு பைசா கிடையாது. சித்தி வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருந்த பழைய கம்ப்யூட்டரை மாற்றினார்கள். வருகிறவர் பெயரைத் தட்டினால் அது திரையில் வருவதற்குள் அவருக்குப் பல் வலியே நின்றுவிடுகிறது என்பதால் மாற்றினார்களாம். டாக்டர், "தூக்கிப் போடுறதுக்கு நீயே எடுத்துட்டுப் போம்மா" என்றிருக்கிறார். வந்து சேர்ந்தது. மேஜை மேல் வைத்து உயிர் கொடுத்தால் விமானம் கிளம்புகிற சத்தம். அதன் பின்பக்கம் வருகிற சூட்டில் சித்தி இப்போது கைக்குட்டை காயப்போடுகிறார். அதற்குள் இன்னும் ஆஸ்பத்திரி ஆவி போகவில்லை. எதையாவது செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு பெண் குரலில், "அடுத்தவர் உள்ளே வரவும்" என்கிறது. எங்கே அணைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. முதல் தடவை வாண்டு நிஜமாகவே எழுந்து உள்ளே வந்துவிட்டாள்.

ஒத்திகைக்கு வாண்டுவை முக்காலி மேல் குப்புறப் படுக்கவைத்து நீச்சல் அடிக்கச் சொல்லி ஃபோர் கேயில் எடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டேன். கை மேலே போகிறது. நிற்கிறது. நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். கை கீழே வருகிறது. அப்புறம் மச்சான் ஒரு வீடியோவில் வழி சொன்னார்: பெரிய படத்துக்குக் குட்டி நகல் ஒன்று செய்து, நகலை வெட்டி ஒட்டினால் கம்ப்யூட்டர் திணறாது, கடைசியில் அதுவே பெரிய படத்தில் போட்டுக்கொள்ளும். அருமை! செய்தேன். காலையில் ரெண்டு நிமிஷப் படத்தை முழுசாக ஆக்கிக் கொடு என்று கட்டளை போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மீதி நேரம் ஒரு மணி என்றது. பிறகு மூணு மணி என்றது. அப்புறம் நாளைக்கு என்றது. போகப் போகக் குறையாமல் வளர்கிற ஒரே கடன் அதுதான். மறுநாள் சாயங்காலம் கிட்டத்தட்ட முடிகிற நேரம் சித்தி வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப்பெட்டியைச் சொருகினார்.

"சித்தி!!!"

"என்னடி கத்துற? சும்மா இரைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, சூடா வேற இருந்துச்சு. பாவம்னு அணைச்சேன்."

இப்படியெல்லாம் தட்டுத் தடுமாறி, குளத்துக்குப் போகிற நாள் வந்தது. சித்தப்பா, அன்றைக்கு எதுவும் தவறாமல் இருக்க நான் என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா? ரெண்டு பேட்டரியும் முழுசு. கார்டு சுத்தம். கேமராவுக்கு வெயில் ஆகாது, தூசி ஆகாது என்று முந்தின நாளிலிருந்தே ஏசி அறையில், சித்தியின் நல்ல பூத்துண்டில் சுற்றி, குளிரக் குளிர வைத்திருந்தேன். ராணி மாதிரி. வாண்டு, "என்னைவிட அதுதான் ஜில்லுனு தூங்குது" என்று பொறாமைப்பட்டாள். கிளம்பும்போது மைக்கை விட்டுவிட்டுத்தான் போகப் பார்த்தேன். சித்திதான், "காசு குடுத்து வாங்கின எலி, அதையும் மாட்டு" என்று பிடிவாதமாக மாட்டவைத்தார்.

அந்தக் குளம் கூரை போட்ட குளம். உள்ளே கால் வைத்ததும் வெந்நீர் அறைக்குள் போன மாதிரி புழுக்கம். கோச், கழுத்தில் விசிலும் காலில் ரப்பர் செருப்புமாக வந்து, "உங்க பொண்ணு மூணாவது லேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகளுக்கு எல்லாம் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி, ஒரே மாதிரி கண்ணாடி. வாண்டு தொப்பிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அக்கா, ரெக்கார்டு பட்டன் அமுக்கிட்டியான்னு ரெண்டு தடவ பாரு" என்றாள். ஆழமான பக்கத்தை இதற்கு முன் அவள் தாண்டியதே இல்லை. நான், "நீ நீந்து, மத்தத அக்கா பாத்துக்கறேன்" என்று வீரமாகச் சொன்னேன். எதிர்க்கரையில் பார்வையாளர் படிக்கட்டு. ஏறினோம். தாங்கியை விரித்து, நொண்டிக் காலுக்கடியில் என் செருப்பை முட்டுக் கொடுத்து, துண்டை விலக்கி, ராணியை வெளியே எடுத்து, ரெக்கார்டு பட்டனை அமுக்கி, ரெண்டு தடவை சரிபார்த்துவிட்டுத் திரையைப் பார்க்கிறேன். வெள்ளை. வெறும் வெள்ளை. மேகத்துக்குள் போன மாதிரி!

குளிரில் வைத்த செம்பை வெளியே எடுத்தால் வியர்க்குமே சித்தப்பா, அதேதான். லென்ஸ் முழுக்கப் பனி. துடைத்தேன், மறுபடி படிந்தது. ஊதினேன், இன்னும் மோசம். என் துப்பட்டா, சித்தியின் முந்தானை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் கைக்குட்டை எல்லாம் போட்டுத் துடைத்தாச்சு. இதற்கு நடுவில் என் மூக்குக்கண்ணாடியும் புழுக்கத்தில் பனி பிடித்துக்கொண்டது. கேமராவும் குருடு, நானும் குருடு. சரி, போனில் எடுப்போம் என்று போனை எடுத்தால், "இடம் இல்லை" என்கிறது. ஏன் இடமில்லை? உள்ளே முழுக்க லென்ஸ் மச்சான்! ஒவ்வொரு வீடியோவாக அழிக்க ஆரம்பித்தேன். "சித்தி, உங்க போனு?" என்றால், அது வாண்டுவின் பையோடு உடை மாற்றுகிற அறையில் பூட்டிக் கிடக்கிறது. அதற்குள் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றாயிற்று.

சித்தி கண்ணை இறுக மூடிக்கொண்டார். "எனக்குப் பாக்கத் தைரியம் இல்லடி. நீ சொல்லு. என்ன நடக்குதுன்னு ஒண்ணு விடாம சொல்லு."

அப்புறம் நடந்ததை நான் என் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. ஏனென்றால் எலி பதிவு செய்திருக்கிறது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் படம் பூரா வெள்ளைச் சுவர், சத்தம் மட்டும் பளிங்கு! அதை அப்படியே இறக்குகிறேன்.

"விசில் அடிச்சாச்சு சித்தி! குதிச்சுட்டா!"

"மூக்கப் பிடிச்சுக்கிட்டாளா?"

"பந்தயத்துல யாரு சித்தி மூக்கப் பிடிப்பா?"

"மேல வந்தாளா? அதச் சொல்லுடி மொதல்ல!"

"வந்துட்டா. கை போடுறா. நல்லா போடுறா. காலுதான் கொஞ்சம்... பரவால்ல, அடிக்கிறா."

"மத்த புள்ளைங்க?"

"முன்னாடி போயிருச்சுங்க."

"போகட்டும், அதுங்களுக்கு என்ன அவசரமோ. இவ?"

"வரா, வரா... ஐயோ. நின்னுட்டா."

"என்னது?"

"பாதில நின்னுட்டா சித்தி. கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா."

"அழுறாளா?"

"தெரியல. மொகமெல்லாம் தண்ணி. எனக்கும் சரியா தெரியல. கோச் ஒரு நீளக் குச்சிய நீட்டுறாரு."

"பிடிச்சுக்கச் சொல்லுடி! போதும், வந்துரச் சொல்லு!"

"வேணாங்கிறா. தலைய ஆட்டுறா சித்தி. குச்சி வேணாங்கிறா!"

இந்த இடத்தில் தண்ணீர் கரையில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. சித்தி மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது.

"விட்டுட்டா! கயித்த விட்டுட்டா! போறா சித்தி, போறா! ஒரு கை... இன்னொரு கை... எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுறாங்க... இன்னும் கொஞ்சம்தான்டி கண்ணு, வா, வா, வா... தொட்டுட்டா! சித்தி, செவுத்தத் தொட்டுட்டா!"

அதற்கப்புறம் ரெண்டு பேர் அழுகிற சத்தம். அதில் நல்லா அழுகிறவர் சித்தி, கேவலமாக அழுகிறது நான். சித்தி சொல்கிறார்: "அவங்க அப்பா பாத்திருக்கணும்டி." எலி அதையும் விடவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாங்கள் எழுவதற்குள் வாண்டு துண்டெல்லாம் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறாள்! "பாத்தீங்களா?" என்றாள். சித்தி அவளை அப்படியே அள்ளிக்கொண்டார். "பாத்தேன்டி செல்லம், ஒண்ணு விடாம பாத்தேன்! நடுவுல நின்னா என்ன? கடைசியா வந்தா என்ன? நீதான்டி ஜெயிச்சவ!" வாண்டு எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சித்தி, "ஐஸ்கிரீம் வேணுமா?" என்றதும் மூடிக்கொண்டாள். பாவம், கடைசியாக வந்த வெட்கம் போலிருக்கிறது என்று நான் ரெண்டாவதும் வாங்கிக் கொடுத்தேன்.

ஆக, சித்தப்பா, உங்களிடம் காட்ட என்னிடம் படம் இல்லை. ரெண்டு நாள் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தேன். வாண்டு நீந்தினது கணக்கில் வராமல் போனதற்கு நான்தானே காரணம்? அப்புறம்தான் சட்டென்று உறைத்தது. வீடியோ உங்கள் கப்பலில் ஏறாது. சத்தம் ஏறும்! சத்தம் கடுகளவுதானே! நீங்கள் ஊர் வருகிற வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம், இன்றைக்கே கேட்கலாம்! பல் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த நாலு நிமிஷத்தை மட்டும் வெட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அது திணறாமல், சூடாகாமல், ஒரே மூச்சில் முடித்துக் கொடுத்துவிட்டு, "அடுத்தவர் உள்ளே வரவும்" என்றது. இந்தக் கடிதத்தின் வாலில் ஒட்டியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். சித்தியும் அப்படித்தான் பார்த்தார்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது: முதல் கேமரா வாங்குகிறவர்கள் முதலில் மைக் வாங்க வேண்டும். இதை வைத்து நானே ஒரு சேனல் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். அதைவிடப் பெரிதாகக் கற்றுக்கொண்டது: நடுவழியில் நிற்பதில் தப்பே இல்லை, குச்சியைப் பிடிக்காமல் மறுபடி கையை வீசுகிறோமா என்பதுதான் விஷயம். நம்ம வாண்டு எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். இதை அழகான எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். வாண்டு அதைக் கடக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி சிரிக்கிறாள். பெருமை போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ச் சட்டியிலிருந்து தள்ளி நில்லுங்கள். கப்பலில் உள்ள எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும், கேப்டனிடம் மட்டும் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லவும். கடல் உங்களைப் பத்திரமாகத் திருப்பித் தரட்டும்.

இப்படிக்கு,
கவரை வீணாக்காத, உங்கள் மூத்த மகள் மாதிரியான,
பிக்சல்

பின்குறிப்பு: சித்தப்பா, அனுப்புகிற பட்டனை அமுக்குவதற்கு முன்னால் வாண்டுவைக் கூப்பிட்டு அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். காது கொடுத்து முழுசும் கேட்டாள். கேட்டுவிட்டு, "நல்லா இருக்குக்கா. ஆனா இது யாரு?" என்றாள்.

"யாருன்னா? நீதான்டி!"

"நான் எங்கக்கா நின்னேன்? நான் நிக்கவே இல்ல. மூணாவதா வந்தேன். நின்னது நாலாவது லேன் ரெட்டைச்சடை."

கோச் லேன் எண்ணுவது அவர் நிற்கிற கரையிலிருந்து. நாங்கள் எண்ணியது எதிர்க்கரையிலிருந்து. ஆறு லேன். அங்கிருந்து மூணாவது, இங்கிருந்து நாலாவது. என் கண்ணாடியில் பனி, சித்தியின் கண்ணில் இமை. ரெண்டு பேரும் சேர்ந்து அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு உயிரைக் கொடுத்துக் கத்திவிட்டு வந்திருக்கிறோம்! நம்ம வாண்டு அதற்கு முன்னாடியே தொட்டுவிட்டு, ஏறித் துடைத்துக்கொண்டு, சுற்றி நடந்து வந்து, எங்கள் பக்கத்திலேயே நின்று, ரெட்டைச்சடைக்குக் கை தட்டியிருக்கிறாள்!

"அன்னிக்கே ஏன்டி சொல்லல?" என்று சித்தி கேட்டார்.

"சொல்ல வந்தேன். நீங்க ஐஸ்கிரீம் வாங்கித் தந்தீங்க. கடைசியா வந்ததுக்கு ரெண்டு. மூணாவதா வந்தேன்னு சொன்னா ஒண்ணுதான தருவீங்க?"

சித்தி இப்போது தன் கண் மூடவே இல்லையென்றும், நான் தப்பாகச் சொன்னதால்தான் தப்பாகப் பார்த்ததாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரெட்டைச்சடையின் அம்மாவுக்கு அன்றைக்கு வேலை, வர முடியவில்லையாம். அந்தச் சத்தம் அவருக்குப் போகிறது. அது அவர் வீட்டுச் சொத்து. சுவரில் ஒட்டினதையும் கூடவே கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

மேலே எழுதினதை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதலாமா என்று பார்த்தேன். "இவ்ளோ எழுதிட்ட, இருந்துட்டுப் போகட்டும்" என்று சித்தி சொல்லிவிட்டார். ஆனால் கடிதத்தின் வாலில் ஒட்டினதை மட்டும் மாற்றியிருக்கிறேன். வாண்டு எலியைக் கையில் பிடித்துக்கொண்டு, முக்காலி மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, தான் நீந்தினதைத் தானே சொல்லியிருக்கிறாள். கை போட்டது, ஆழம் வந்ததும் அடியைப் பார்க்காமல் கூரை விளக்கைப் பார்த்தது, மூக்கில் தண்ணீர் ஏறினது, எல்லாம். நடுவில் ஒரு பெண் குரல் அடுத்தவரை உள்ளே வரச் சொல்லும், பதறாதீர்கள். அதற்கப்புறமும் அணைத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் வராது, மூச்சு மட்டும் கேட்கும். பிறகு மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்து சொல்கிறாள்:

"அப்பா, கேட்டுட்டீங்களா? அப்ப கணக்குல சேத்துக்கோங்க."